வெருகல் முகத்துவாரம்: முதலில் தண்ணீர், பிறகு படகு

திருகோணமலைக்குக் கமராவோடு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கோணேசர் மலையில் ஏறி இறங்கி, டச்சுக்குடாவில் நிற்கும் படகுகளில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கே படகு கிடைக்கும். தண்ணீரில் அதன் விம்பம் கிடைப்பது அருமை. கடலைப் பார்த்துத் திறந்திருக்கும் கரை அது. சிறு அலையாவது ஓயாமல் வந்துகொண்டிருக்கும்.

படகும் விம்பமும் சேர்ந்து வேண்டுமென்றால் ஏ15 வீதியில் தெற்கே போங்கள். கிண்ணியா, மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கங்களைக் கடந்து, மட்டக்களப்புக்கு ஏறக்குறைய நடுவழியில் வெருகல் ஆறு வரும். திருகோணமலை மாவட்டம் அங்கே முடிகிறது. அக்கரையில் கதிரவெளி, வாகரை. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அதிலிருந்து பிரிந்து தனியாகக் கடலுக்குப் போகும் கிளைதான் வெருகல் ஆறு. இன்று பாலம் இருக்கும் இடத்தை முன்பு ‘பாதை’ எனும் மிதவையில் ஏறித்தான் கடந்தார்கள். ஆற்றங்கரையில் சித்திரவேலாயுத சுவாமி கோயில். ஆறு கடலைத் தொடும் இடம் வெருகல் முகத்துவாரம். திருகோணமலைத் துறைமுகத்துக்கும் மூதூர் இறங்குதுறைக்கும் பின்னால் வருகிறேன். இங்கே கற்றுக்கொண்டால் அங்கெல்லாம் கை தானாக வேலை செய்யும்.

விம்பம் எங்கே பிறக்கிறது

அழகான படகைக் கண்டதும் அதை நோக்கி ஓடுவதுதான் எல்லோருக்கும் வருகிற பழக்கம். அதை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் தண்ணீரைப் பாருங்கள். எந்த இடத்தில் அது கறுத்து, அசையாமல் கிடக்கிறது? அந்த இடத்துக்கு மேலே வெயில் படும்படி ஏதாவது படகு நிற்கிறதா? படகில் வெயில், தண்ணீரில் நிழல். இந்த இரண்டும் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் நிறம் ஊறிய விம்பம் கிடைக்கும்.

காரணம் எளிது. கமராவுக்குத் தண்ணீரிலிருந்து இரண்டு வகை வெளிச்சம் வருகிறது. ஒன்று, மேற்பரப்பில் பட்டுத் தெறித்து வருவது. படகின் நிறத்தைக் கொண்டுவருவது இதுதான். மற்றது, தண்ணீருக்குள் போய், கலங்கலில் பட்டுச் சிதறித் திரும்பி வருவது. மகாவலித் தண்ணீர் வண்டல் சுமந்து வரும் தண்ணீர். உச்சி வெயில் நேரே அதில் இறங்கினால் ஆறு முழுவதும் தேநீர் நிறத்தில் வெளுத்துப்போய், படகின் நீலத்தையும் சிவப்பையும் கழுவிவிடும். கண்டல் மரங்களின் நிழல் விழும் ஓரத்திலோ, வெயில் இன்னும் சாய்வாக இருக்கும் நேரத்திலோ இந்த இரண்டாவது வெளிச்சம் அடங்கிவிடும். அப்போது தெறிப்பு மட்டும் மிஞ்சும்.

அடுத்தது உங்கள் கமராவின் உயரம். நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 2 சதவீதத்தைத்தான் தெறிக்க வைக்கும். மேற்பரப்போடு ஒட்டிச் சாய்வாகப் பார்க்கப் பார்க்க அது ஏறிக்கொண்டே போகும்: 10 பாகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும், 5 பாகையில் பாதிக்கு மேல் போய்விடும். ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். பத்து மீற்றர் தூரத்தில் படகு. அதன் பக்கவாட்டில், நீர்மட்டத்திலிருந்து அரை மீற்றர் உயரத்தில் ஒரு மஞ்சள் பட்டை. நீங்கள் நின்றபடி, ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து எடுத்தால் அந்தப் பட்டையின் விம்பத்தை ஏறக்குறைய 11 பாகையில் பார்க்கிறீர்கள். குந்தியிருந்து கமராவை நீரிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கொண்டுவந்தால் 4 பாகைதான். படகும் வெயிலும் அப்படியே இருக்க, விம்பத்தின் வெளிச்சம் இரட்டிப்பாகிறது. எந்த விலை லென்ஸும் இதைச் செய்யாது. முழங்கால் நனைய வேண்டும், அவ்வளவுதான்.

குனிவதற்கு ஒரு விலையும் உண்டு. கமரா கீழே போனதும் படகின் உட்புறம் மறைந்துவிடும். குவிந்து கிடக்கும் வலை, மஞ்சள் மண்ணெண்ணெய்க் கான், மிதவைகள் எல்லாம் போய், வெறும் பக்கவாட்டும் அதன் உருவமும் மிஞ்சும். உள்ளே இருப்பவைதான் படத்தின் கதை என்றால் நின்றபடி எடுத்து, விம்பம் மங்குவதை ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க முனைந்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விம்பம் என்பது படகைத் தலைகீழாக்கிய பிரதி மட்டும் அல்ல. தண்ணீருக்குக் கீழிருந்து மேலே பார்ப்பதுபோன்ற கோணத்தில்தான் அது படகைக் காட்டும். மேல்நோக்கி வளைந்த அணியத்தின் (படகின் முன்முனை) அடிப்பக்கம், விளிம்புக்குக் கீழே அடித்திருக்கும் கோடு என உங்கள் கண்ணுக்கு மறைந்திருப்பவை விம்பத்தில் தெரியும். பெயர் எழுதிய அணியத்துக்கு முன்னால் இடமும் வலமும் ஓரடி நகர்ந்து பார்த்தால் இது விளங்கும்.

நேரமும் காற்றும்

வெருகல் கிழக்குக் கரை. சூரியன் கடலிலிருந்து எழும். ஆண்டு முழுவதும் பார்த்தால் காலை 5.45க்கும் 6.25க்கும் இடையில். இந்த அகலக்கோட்டில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுவதால் பொன்வெயில் நீடிக்காது. எழுந்து ஒரு மணித்தியாலத்தில் 14 பாகை உயரத்துக்கு வந்துவிடும். ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டியும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த நாட்களில் காலை எட்டரைக்குப் பிறகு கமராவைப் பையில் வைத்துவிட்டு ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பதே மேல்.

ஆகவே இருட்டோடு போய்ச் சேருங்கள். சூரியன் எழுவதற்கு முந்திய இருபது நிமிடம் நிழலே இல்லாத நேரம். வெள்ளை விளிம்பும் கருநீல உடலும் ஒரே படத்தில் அடங்கும். எழுந்தபிறகு கடலுக்கு முதுகைக் காட்டி, ஆற்றின் மேல்பக்கம் பார்த்து நில்லுங்கள். வெயில் படகின் முகத்தில் அடிக்கும். தண்ணீரில் கண்கூச்சம் இருக்காது. உங்கள் நிழல் படத்துக்குள் நீளும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது அதற்கும் அடுத்த அரை மணி நேரம். அப்போது ஆற்றுக்குக் குறுக்கே திரும்பி, வெயிலைப் பக்கவாட்டில் வாங்கினால் பைபர் உடலில் உள்ள ஒவ்வொரு கீறலும் எழுந்து நிற்கும்.

காற்று தெரியாமல் விம்பம் எடுக்க முடியாது. மார்ச்சிலிருந்து ஒக்டோபர் தொடக்கம் வரை கிழக்குக் கடல் பொதுவாக அமைதி. ஆற்றில் ஓட்டமும் குறையும். மே மாதத்துக்குப் பின் கச்சான் காற்று மேற்கிலிருந்து, தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். பகல் ஏற ஏற அது பலக்கும். திறந்த நடு ஆறு அப்போது சிலிர்த்துக்கொண்டே இருக்கும். ஆனால் மேற்குப்பக்க மரங்களை ஒட்டிய ஒதுக்குத் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். கச்சான் நாட்களில் அந்த ஒதுக்கில் கட்டியிருக்கும் படகைத்தான் தேட வேண்டும். விடியற்காலையில் பெரும்பாலும் இந்தக் கவலையே இருக்காது.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காலம். கடல் கொந்தளிக்கும், ஆறு பெருகிக் கலங்கும், சிறு படகுகளைக் கரையில் இழுத்து ஏற்றிவிடுவார்கள். அந்த மாதங்களில் வெருகலுக்குப் போவதில் பயனில்லை என்று சொல்வார்கள். எனக்கு அந்தக் கருத்து இல்லை. மழை விட்ட காலையில், இழுத்து வைத்த படகுகளுக்கு இடையே மணலிலும் சேற்றிலும் தேங்கி நிற்கும் வெள்ளத்தைப் பாருங்கள். அதில் ஓட்டம் இல்லை, அலை இல்லை, ஆழமும் இல்லை. கமராவை ஏறக்குறைய தரையில் வைத்தால் ஒரு பாய் அகலத் தண்ணீரில் படகு முழுதாக விழும். மேகம் மூடிய வானத்தில் நிறங்களும் அடர்ந்து தெரியும்.

கடலில் ஏற்ற இறக்கம் இங்கே ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் வற்று, பெருக்கு அட்டவணை பார்த்துப் பயணத்தைத் திட்டமிடத் தேவையில்லை. நிலவைப் பாருங்கள். பறுவத்தை ஒட்டிய இரவுகளில் வலையில் மீன் குறைவு என்று பலர் போகமாட்டார்கள். மறுநாள் விடிய அதிகப் படகுகள் கட்டிக்கிடக்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஜும்ஆத் தொழுகை நாளான வெள்ளிக்கிழமை காலைகளிலும் இதே நிலை.

படகுகளை அறிந்துகொள்ளுங்கள்

நீங்கள் இங்கே அதிகம் காணப்போவது பைபர் படகு, ஊர் வாயில் ‘போட்’. பதினெட்டிலிருந்து இருபத்து மூன்று அடி வரை நீளம், பின்னால் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரம். அணியத்தில் பதிவு இலக்கம் எழுதியிருக்கும். ‘ஓஎஃப்ஆர்பி’ என்று தொடங்கினால் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகு. ‘என்டிஆர்பி’ என்றால் இயந்திரம் இல்லாத பாரம்பரியப் படகு, அதாவது தோணி. ‘ஐஎம்யுஎல்’ என்றால் பல நாள் கடலில் தங்கும் பெரிய படகு. கடைசியில் வரும் ‘ரிசிஓ’ திருகோணமலையைக் குறிக்கும், ‘பிசிஓ’ மட்டக்களப்பை. மாவட்ட எல்லை என்பதால் இரண்டையும் அடுத்தடுத்துக் காணலாம். வீட்டுக்குப் போய் ஆயிரம் படங்களைப் பிரிக்கும்போது இந்த எழுத்துகள் பெரிய உதவி.

பைபர் படகின் நிறம் மேலே பூசிய வண்ணம் அல்ல. அச்சில் வார்க்கும்போதே வெளித்தோலாக இடும் ஜெல்கோட்டில் நிறம் கலந்திருக்கும். சில ஆண்டு வெயிலில் அந்தத் தோல் சுண்ணாம்பு படிந்ததுபோல் வெளுக்கும். பக்கத்தில் போய்த் தொட்டுப் பாருங்கள், விரலில் மெல்லிய பொடி ஒட்டும். காய்ந்த நிலையில் இப்படி மங்கியிருக்கும் நீலம், ஈரம் பட்டவுடன் புதிதாக வார்த்ததுபோல் அடர்ந்துவிடும். அதனால் கட்டிக்கிடக்கும் படகைவிட, இப்போதுதான் கடலிலிருந்து வந்து நனைந்து நிற்கும் படகுதான் நிறத்துக்கு நல்லது. படகு வரும்போது கிளப்பிய அலை அடங்கச் சில நிமிடம் ஆகும். உடல் காயவும் சில நிமிடம் ஆகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. கமராவைத் தயாராக வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உதவி நிறுவனங்கள் இந்தக் கரை முழுவதும் பைபர் படகுகளைக் கொடுத்தன. ஒரே அச்சில் வார்த்த படகுகள் வரிசையாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். மரத்தோணி அபூர்வமாகிவிட்டது. களப்பு ஓரத்தில் ஒன்றைக் கண்டால், நிறம் இல்லையே என்று கடந்து போகாமல் பொறுமையாக எடுங்கள். கறுத்த மரத்துக்குக் கறுத்த தண்ணீர் ஒத்துவராது. வானம் விழும் வெளிறிய தண்ணீரை அதன் பின்னால் கொண்டுவாருங்கள்.

கமராவில் செய்ய வேண்டியது

வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள். விடியலின் மஞ்சளை அது பிழை என்று எண்ணித் திருத்திவிடும். பகல்வெளிச்சத்தில் நிறுத்தி வையுங்கள். படகின் வெள்ளை விளிம்புதான் முதலில் வெளுத்துப் போகும். ஒளியளவை மூன்றில் ஒன்றிலிருந்து மூன்றில் இரண்டு ஸ்டொப் வரை குறைத்து, ரோ கோப்பில் எடுங்கள். விம்பம் எப்போதும் படகைவிட இருண்டுதான் இருக்கும். கணினியில் அதைக் கொஞ்சம் தூக்கலாம். படகைவிடப் பிரகாசமாக்கினால் பார்ப்பவர் கண் உடனே பொய்யைக் கண்டுபிடித்துவிடும்.

கூர்மையைத் தண்ணீரின் மேற்பரப்பில் வைக்காதீர்கள். விம்பம் இருப்பது மேற்பரப்பில் அல்ல. கமராவிலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து படகுக்கும் உள்ள தூரம் இரண்டையும் கூட்டிய தொலைவில். படகில் கூர்மை வைத்தால் விம்பமும் தெளிவாகும். எஃப் 8 போதும். முன்னால் மிதக்கும் இலையும் தெளிவாக வேண்டுமென்றால் எஃப் 11. கட்டிய படகும் ஆடிக்கொண்டே இருப்பதால் செக்கனில் 125இல் ஒரு பங்குக்குக் கீழே போக வேண்டாம்.

போலரைசர் பில்டரை விம்பத்துக்காக மாட்டாதீர்கள். நீர்ப்பரப்போடு 37 பாகையை ஒட்டிய கோணத்தில் அது விம்பத்தை முழுவதுமாகவே துடைத்துவிடும். அடிமணல் தெரிய எடுக்கும் படத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டகம் சாய்ந்திருக்கிறதா என்று கரையை வைத்து முடிவு செய்யக்கூடாது. விலகிப் போகும் ஆற்றங்கரை இயல்பிலேயே சாய்வாகத் தெரியும். படகின் ஒரு புள்ளியையும் அதன் விம்பத்தையும் பாருங்கள். இரண்டும் எப்போதும் ஒரே நேர்குத்துக் கோட்டில்தான் இருக்கும். நங்கூரக் கயிறு கட்டிய முடிச்சு, அதன் கீழே அதே முடிச்சின் உருவம். இந்தக் கோடு சட்டகத்தின் விளிம்புக்குச் சமாந்தரமானால் படம் நேராக இருக்கிறது.

கைத்தொலைபேசியில் எடுப்பவர்கள் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் தண்ணீருக்கு அருகே வரும். படகில் விரல் வைத்து அழுத்தி ஒளியளவைப் பூட்டிவிட்டுச் சற்றுக் குறையுங்கள். மிக அகன்ற லென்ஸுக்கு மாறாதீர்கள், படகு சுருங்கிவிடும்.

காற்று எழும்பி விம்பம் உடையத் தொடங்கினால் திரும்பிவிட வேண்டாம். படகை விட்டு விம்பத்தை மட்டும் நீள லென்ஸில் நிரப்புங்கள். 500இல் ஒரு பங்கு செக்கனில் நிறங்கள் முட்டை வடிவத் துண்டுகளாக நிற்கும். 15இல் ஒரு பங்கில் இழுபட்டுக் கரையும். இயந்திரத்திலிருந்து கசிந்த எண்ணெய்ப் படலம் பரவிய இடத்தில் சிற்றலை அடங்கியிருப்பதைக் காண்பீர்கள். அந்த எல்லைக்கோடு, ஒருபக்கம் உடைந்த நிறமும் மறுபக்கம் முழு நிறமுமாக, நல்ல படம். அந்தப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. ஆறு தந்தபடியே இருக்கட்டும்.

ஆட்கள், அனுமதி, முதலை

முதலில் வணக்கம், பிறகு கமரா. ‘அண்ணன், உங்கட போட்டைப் படம் எடுக்கலாமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும், ‘எடுங்க தம்பி, அந்தப் பக்கம் நிண்டா நல்லாத் தெரியும்’ என்று இடமும் காட்டுவார்கள். கேட்காமல் எடுத்தால் முகம் மாறும், அதில் நியாயமும் இருக்கிறது. இங்கே இருப்பவர்கள் சுனாமியையும், 2006-07 போரில் ஊரையே விட்டுப் போன இடப்பெயர்வையும் கண்டவர்கள். முகம் தெரியாத ஒருவர் வந்து தங்களைப் படம் பிடிப்பது எதற்கு என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. விரித்துக் காயவைத்த வலையை மிதிக்கக்கூடாது. செருப்போடு படகில் ஏறக்கூடாது. அணியத்தில் சந்தனமும் குங்குமமும் வைக்கிற படகு அது. மீன் இறக்கி ஏலம் போகும் வேளையில் குறுக்கே நிற்காதீர்கள்.

ஆவணித் திருவிழாவில் கோயிலைச் சுற்றி ஆறு முழுவதும் சனம். அந்த நாட்களில் படகு விம்பம் தேடாதீர்கள்; வேறு படங்கள் கிடைக்கும்.

மகாவலியின் கீழ்ப்பகுதிகளில் முதலை உண்டு. குனிந்து, கண்ணைக் கமராவில் வைத்து, பின்னால் புதர் இருக்கும் ஓரத்தில் தனியாக இருக்காதீர்கள். எந்த இடம் பாதுகாப்பு என்று மீனவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் மட்டும் குந்துங்கள். கடற்படை நிலையங்களையும் காவலரண்களையும் சட்டகத்துக்குள் கொண்டுவர வேண்டாம். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி வேண்டும்.

குளிரூட்டிய அறையிலிருந்து நேரே ஆற்றுக்கு வந்தால் லென்ஸில் பனி படிந்து விடியலையே இழப்பீர்கள். இரவே கமராவை வெளியே எடுத்து வையுங்கள்.

சுற்றியுள்ள துறைகள்

வெருகலுக்கு வடக்கே இலங்கைத்துறை முகத்துவாரம்: கடலோரப் பாறையும் களப்பும் பக்கத்தில் பக்கத்தில். பாறை நிழல் விழும் தண்ணீரை முதலில் பாருங்கள். மூதூரில் திருகோணமலைக்குப் படகு போகும் இறங்குதுறை. 1660இல் ஆன் என்ற கப்பல் முறிந்த பாய்மரத்தைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தபோதுதான் அதில் வந்த ஆங்கிலேயக் கடலோடி ரொபட் நொக்ஸ் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிக்கி, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்தத் தீவில் கைதியாக இருந்தார். கிண்ணியாவில் 2009இல் திறந்த 396 மீற்றர் பாலம். மேலிருந்து பார்ப்பதால் விம்பம் மங்கும். ஆனால் கீழே நிற்கும் படகுகளின் ஒழுங்கு வடிவமாகத் தெரியும்.

திருகோணமலை நகரில் பல நாள் படகுகளுக்குக் கொட்பே மீன்பிடித் துறைமுகம். இது மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனத்தின் இடம், வாசலில் அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும். உயர்ந்த உடல், நெருக்கிக் கட்டிய வரிசை. இரண்டு படகுகளுக்கு இடையே தெரியும் ஒடுங்கிய கீற்றுத் தண்ணீரைத்தான் இங்கே எடுக்க வேண்டும். இருபக்கமும் நிழல், மேலே வெயில் படும் நிறம். வெருகலில் சொன்ன விதி இங்கே கொங்கிரீட்டுக்கு நடுவிலும் அப்படியே வேலை செய்யும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். படத்தை வெளியிடும்போது ‘இலங்கையில் வண்ணப் படகுகள்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். வெருகல் முகத்துவாரம் என்று ஊர்ப்பெயரை எழுதுங்கள். மாதம், ஆண்டு, தோணியா பைபர் படகா என்பதையும் எழுதுங்கள். உரிமையாளருக்கு ஒரு பிரதியை அச்சிட்டுக் கொடுங்கள்.